சோதனைக் கொல்லை

மாதம்மாளின் புருஷன் தீர்த்தகிரி, பருத்திக்கு மருந்து அடித்த அன்றே செத்துப்போனான். அடுத்த ஆடி மாதம், அதே நிலத்தின் மேற்குக் கோடியில் புதுப் பருத்தி ஒன்றைச் சோதனைக்குப் போட்டுப் பார்க்க இடம் கேட்டு ஒரு விதைக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. அது தொண்ணூற்றெட்டாம் வருஷம்.

உத்தனப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகிற ரோட்டில், இடது கைப் பக்கம் பிரியும் மண்பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் அவர்கள் கொல்லை வரும். சிவப்பு மண். எத்தனை கல் பொறுக்கி வரப்பில் போட்டாலும் ஒரு மழைக்குப் புதுக் கல் மேலே வந்து பல்லைக் காட்டும். ராகியும் அவரையும் விளைந்த நிலம்தான். தீர்த்தகிரியின் அண்ணன் நாராயணப்பன் ஊத்தங்கரைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வந்தபோது அங்கே வெள்ளை வெளேரென்று வெடித்து நின்ற பருத்தியைப் பார்த்துவிட்டு வந்து, பாதி நிலத்தைப் பருத்திக்குத் திருப்பினார். முதல் வருஷம் நன்றாக வந்தது. பிறகு காய்ப்புழு வந்தது. அதன்பின் புழு ஒரு வருஷமும் வராமல் இருக்கவில்லை.

தீர்த்தகிரி செத்த கார்த்திகையில் புழு வழக்கத்தைவிட அதிகம். ஒரு மருந்துக்குச் சாகாத புழு என்று இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கலந்து கொடுத்தான் கடைக்காரன். காலையிலிருந்து முதுகில் டேங்க்கோடு சாலுக்குச் சால் நடந்தவன், பொழுது சாய வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டான். நீட்டிய சொம்பை வாங்கத் தெரியாமல் அவன் கை காற்றில் துழாவியது.

"கண்ணு மங்கலா இருக்குது மாதம்மா" என்றான். வாயோரம் கோழையாக ஒழுகியது.

பக்கத்துக் கொல்லைக்காரன் சென்னப்பன் ஓடி வந்தான். தீர்த்தகிரியும் அவனும் அரை டிரவுசர் போட்ட நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். தன் மொபெட்டில் தீர்த்தகிரியை உட்காரவைத்து, துண்டால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ராயக்கோட்டைக்கு விரட்டினான். அங்கே பார்க்க முடியாது, கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோ என்றார்கள். வாடகை வேன் பிடித்து ஏற்றினார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. அடுத்த நாள் அடக்கம் முடிந்து குளித்த பிறகும் சென்னப்பனின் முதுகில் அந்த மருந்து வாடை இருந்தது என்று அவன் பெண்டாட்டி சொல்லுவாள்.

கம்பெனியிலிருந்து வந்தவன் பெயர் பாஸ்கரன். திருச்சிப் பக்கத்துக்காரன், விவசாயம் படித்தவன். மத்திகிரியில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருந்தான். களத்தில் கட்டிலில் உட்காரவைத்து நாராயணப்பன் அவனுக்கு மோர் கொடுத்தார்.

"அரை ஏக்கர் போதுங்கய்யா. விதை, உரம் எல்லாம் எங்களுது. பக்கத்துலயே உங்க பருத்தியை நீங்க எப்பவும் போலப் போட்டுக்குங்க. ரெண்டும் எப்படி வருதுன்னு பாக்கணும், அவ்வளவுதான்."

"அதுல என்னா விசேசம் சார்?"

"காய்ப்புழுவைத் தாங்கும்."

நாராயணப்பன் சிரித்தார். "எல்லாரும் தாங்கும் தாங்கும்னுதான் சொல்லிக்கினு வர்றாங்கோ. வெதைக்காரனும் சொல்றான், மருந்துக்காரனும் சொல்றான். கடைசீல தாங்கறது நாங்கதான்."

கதவுக்குப் பின்னால் முறத்தோடு நின்றிருந்த மாதம்மாள் வெளியே வந்தாள். தீர்த்தகிரி போன பிறகு வெளி ஆளிடம் அவள் பேசியதே இல்லை.

"மருந்து எத்தினி தடவ அடிக்கணும்?" என்று கேட்டாள்.

"சாறு உறிஞ்சுற பூச்சி வந்தா ஒண்ணு ரெண்டு தடவை அடிக்க வேண்டி வரலாம்மா. காய்ப்புழுவுக்கு அடிக்கவே வேண்டாம்."

"அடிக்கவே வேணாமா?"

"வேண்டாம்மா."

மாதம்மாள் மூத்தாரைப் பார்த்தாள். "குடுத்துடுங்க மாமா" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விதைத்த நாளிலிருந்து அந்த அரை ஏக்கரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். வரிசைக்கு ஒரு குச்சி நட்டு, அதில் தகடு கட்டியிருந்தான் பாஸ்கரன். கூலிக்கு வந்த பெண்கள் அந்தத் தகடுகளைப் பார்த்து ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இருக்கிறது என்று கேலி பேசினார்கள். மாதம்மாள் களைக்கொத்தோடு குனிந்து போய்க்கொண்டிருப்பாள். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. செடி இடுப்புக்கு வளர்ந்து, சப்பை என்கிற மொட்டுக் கட்டி, மஞ்சளாகப் பூத்து, பூ சிவந்து உதிர்ந்து, காய் பிடித்தது.

மகள் சரஸ்வதி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். ஓசூர் சிப்காட்டில் வண்டிக்கு ஒயர் பின்னுகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. நாலு பெண்களோடு சேர்ந்து மத்திகிரியில் வீடு பிடித்திருந்தாள். வரும்போதெல்லாம் ஒரே பேச்சுத்தான்.

"எதுக்கும்மா இந்தக் கொல்லையக் கட்டிக்கினு கெடக்கற? எங்கூட வந்துடு. எங்க பக்கத்துக் கம்பெனில பெயின்ட் அடிக்கறவனுக்கு மாஸ்க்கு, கிளவுஸு, கண்ணுக்குக் கண்ணாடி, எல்லாம் குடுக்கறாங்கோ. போடலைன்னா சூப்பர்வைசர் வெளிய அனுப்பிடுவாரு. எங்கப்பனுக்கு மூஞ்சில கட்டிக்க ஒரு துணி குடுத்தாங்களா யாராச்சும்?"

"இந்தப் பருத்தி வந்துட்டுப் போவட்டும் பாப்பா" என்பாள் மாதம்மாள். "இதுக்கு மாஸ்க்கே வேணாம்னு சொல்றாங்கோ. பாத்துட்டு வரேன்."

கார்த்திகை பிறந்ததும் பக்கத்திலிருந்த அவர்களுடைய சொந்தப் பருத்தியில் புழு விழுந்தது. சப்பை பழுத்துப் பழுத்துக் கொட்டியது. காயில் ஓட்டை போட்டு, தலையை உள்ளே விட்டு, பச்சைப் புழு பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு தின்றது. மாதம்மாள் வரப்பைத் தாண்டிச் சோதனைக் கொல்லைக்குள் போனாள். ஒவ்வொரு செடியாக இலையைத் திருப்பிப் பார்த்தாள். முட்டை இருந்தது. சப்பையில் ஊசி குத்தினதுபோல ஒரு புள்ளி இருந்தது. பிரித்துப் பார்த்தால், நூல் துணுக்கு மாதிரிக் கறுத்துச் சுருண்டு கிடந்தது புழு. இன்னொன்றைப் பிரித்தாள். அதிலும் அப்படித்தான்.

அதை இலையோடு ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஓரகத்தி பூவம்மாள் அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாருங்க. செத்துக் கெடக்குது."

பூவம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "யாரும் அடிக்காமலா?"

"யாரும் அடிக்காம."

மாதம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பிதுக்க ஆரம்பித்தாள். பனி விழுந்த அவரைக்கே உரிய வாசனை கையெல்லாம் ஏறியது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

"ஒரு வருசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாக்கா?" என்றாள்.

பூவம்மாள் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

சென்னப்பன் அன்று பொழுது சாய வந்தான். அவன் தங்கச்சியைக் கர்நாடகத்தில், அத்திப்பள்ளிக்கு அந்தாண்டை கட்டிக்கொடுத்திருந்தது. அங்கே போனவன் நேராக இங்கே வந்திருந்தான். பூவம்மாள் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் போட்டாள். அவன் களி உருண்டையில் குழி பண்ணினானே தவிர வாயில் வைக்கவில்லை.

"அண்ணா, அந்தப் பாஸ்கரன் உங்ககிட்ட வெதையப் பத்தி முழுசாச் சொன்னானா?"

"புழு தாங்கும்னான்" என்றார் நாராயணப்பன்.

"எதனால தாங்கும்னு சொன்னானா? அங்க ஜூஜுவாடி தாண்டி அந்தாண்ட எல்லா ஊர்லயும் இதே பேச்சா இருக்குதுண்ணா. வெவசாயிங்க சங்கத்துல கூட்டம் போட்டு நோட்டீசு குடுக்கறாங்கோ. மண்ணுல இருக்கற ஒரு கிருமிய எடுத்து அந்தச் செடிக்குள்ள பொகுத்தி வெச்சிருக்காங்கோ. செடியே விஷம். எலையும் விஷம், வேரும் விஷம். அதுல வர்ற கொட்டை மறுக்கா மொளைக்காதாம். அந்தப் பூவுத் தூளு காத்துல வந்து என் செடில உழுந்தா என் வெதையும் மலடாப் பூடுமாம்."

"யாரு பாத்தாங்கோ?"

"பாத்துட்டா அப்பறம் என்னா பண்றது? மலடாப் போனதுக்கப்பறம் தெரிஞ்சி யாருக்கு என்னா?" சென்னப்பனின் குரல் உயர்ந்தது. ராகியானாலும் அவரையானாலும் அவன் கடையில் விதை வாங்கியதில்லை. நல்ல கதிராகப் பார்த்துத் தானே எடுத்து, சாம்பல் கலந்து, பானையில் கட்டி வைப்பவன். "எங்கப்பன் வெச்சிட்டுப் போனதுல எனக்குன்னு இருக்கறது அந்த வெதை ஒண்ணுதாண்ணா."

அடுப்புக்கிட்டேயிருந்து மாதம்மாள் சொன்னாள்: "மருந்து அடிக்க வேணாம்ண்ணா அதுக்கு. இன்னிக்கு நானே பாத்தேன். எனக்கு அது ஒண்ணு போதும்."

சென்னப்பன் அவள் பக்கம் திரும்பினான். "மாதம்மா, அந்த மருந்து வந்தப்ப என்னா சொன்னாங்கோ? ஒண்ணியும் பண்ணாது, கைல கலக்கலாம்னு சொல்லல? சொன்னவங்களும் இவங்களப் போலத்தான், படிச்சவங்கோ, பேன்ட்டு போட்டவங்கோ. அத நம்பித்தான தீர்த்தகிரி தூக்கனான்? நானுதானே அவன முதுகுல கட்டிக்கினு போனேன். ராயக்கோட்ட ஏத்தத்துல அவன் தலை என் தோள்ல உழுந்தது இன்னும் எனக்கு கனமா இருக்குது. மறுபடி அவங்க பேச்ச நம்பச் சொல்றியா?"

"அது மனுசன் முதுகுல இருந்துதுண்ணா. இது செடிக்குள்ள இருக்குது."

"நாளைக்கு அந்தச் செடிய ஆடு தின்னும். ஆட்ட நாம தின்னுவோம்."

"அதுக்கு பயந்துக்கினு இன்னிக்கு யாரு டேங்க்கத் தூக்கறது? நீங்க சொல்லுங்க. மாமாவா? அவருக்கு மாடி ஏறனாலே எளப்பு வாங்குது."

சென்னப்பன் தட்டைத் தள்ளி வைத்தான். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். களி அப்படியே இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பாஸ்கரன் வந்ததும் நாராயணப்பன் மோர் கொடுக்காமலே கேட்டார். பாஸ்கரன் தலையைக் குனிந்துகொண்டான். கிருமி விஷயம் உண்மைதான் என்றான். அது புழுவின் வயிற்றை மட்டும்தான் கெடுக்கும், மனுஷனுக்கு ஒன்றும் செய்யாது என்று தனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், தானும் அப்படித்தான் நம்புகிறேன் என்றான். கொட்டை முளைக்காது என்பது வேறு ஏதோ விதையைப் பற்றிய பேச்சு, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றான்.

"அப்பறம் எதுக்கு சார் எங்கிட்ட சொல்லல? நெலம் என்னுதுதானே?"

"சொன்னா பயப்படுவீங்கன்னு மேல சொன்னாங்கய்யா. புது ரகம்னு மட்டும் சொல்லுங்கன்னாங்க."

"பயப்படறதா வேணாமான்னு நான்தானே சார் முடிவு பண்ணணும்?"

பாஸ்கரன் ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். "தப்புதாங்கய்யா" என்றான்.

அவன் போனதும் நாராயணப்பன் செடியைப் பிடுங்கிவிடலாம் என்றார். கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. பூவம்மாளும் அதையே சொன்னாள். மாதம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவங்க மறைச்சது தப்புதான் மாமா. செடி என்னா மாமா தப்பு பண்ணுச்சி? காய் நெறஞ்சி நிக்குது. வெடிக்கட்டும். எடுத்துப் பாத்துட்டு, வேணாம்னா அப்பறம் நானே பிடுங்கி அடுக்கறேன். தெரியாமலே பிடுங்க வேணாம்."

அவள் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் என்பதால் நாராயணப்பன் விட்டுவிட்டார்.

கார்த்திகை முடியும்போது சோதனைக் கொல்லை வெடிக்க ஆரம்பித்தது. பக்கத்துக் கொல்லையில் பாதிக் காய் சொத்தை. இங்கே அடிக் கொப்பிலிருந்து நுனிவரை வெள்ளை. ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். சங்கதி எல்லைக்கு அந்தாண்டையும் போயிற்று.

ஒரு நாள் விடிந்து பனி விலகுவதற்கு முன்பே சென்னப்பன் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"அண்ணா, சங்கத்துக்காரங்க இன்னிக்கு வர்றாங்கோ. பாதை நான்தான் சொன்னேன். உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு வந்தேன்."

"எதுக்குடா வர்றாங்கோ?"

"பிடுங்கிக் கொளுத்த."

நாராயணப்பன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "இது உன் சிநேகிதன் கொல்லைடா" என்றார்.

"அதனாலதாண்ணா" என்றான் சென்னப்பன்.

ஒரு லாரியும் இரண்டு ஜீப்பும் வந்தன. அறுபது எழுபது பேர் இருப்பார்கள். எல்லாம் விவசாயிகள்தான். வெடித்த பாதமும் காய்ப்பேறிய கையுமாக, பார்ப்பதற்குப் பக்கத்து ஊர் ஆட்கள் போலவே இருந்தார்கள். சண்டை போட வந்தவர்கள் மாதிரி இல்லை. வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்கினார்கள். அவரைச் செடி மேல் ஒருவன் கால் வைத்ததற்கு இன்னொருவன் திட்டினான். "பீஜ நம்து" என்று ஒருவர் குரல் கொடுக்க, விதை நம்முடையது என்கிற அந்த வார்த்தையை எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். பிறகு குனிந்து பிடுங்க ஆரம்பித்தார்கள்.

மாதம்மாள் கிணற்றடியில் நின்று பார்த்தாள். வேர் மண்ணை விடும் சத்தம் பொத் பொத்தென்று கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றவள், மடியைக் கட்டிக்கொண்டு நேராகக் கொல்லைக்குள் இறங்கினாள். அவர்கள் இன்னும் வராத கோடி வரிசைக்குப் போய், வெடித்த பருத்தியை எடுக்க ஆரம்பித்தாள். இரண்டு கையாலும் எடுத்தாள். ஒரு செடி முடிந்ததும் அடுத்த செடி. யாரையும் பார்க்கவில்லை.

பிடுங்கிக்கொண்டு வந்தவர்கள் அவளுக்கு அருகில் வந்ததும் நின்றுவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எடுத்துக்கட்டும்" என்றான் சென்னப்பன். "எடுத்துக்கட்டும், வுடுங்க."

அவர்களோடு வந்திருந்த வயசான ஒருவர் முன்னால் வந்தார். அவர் பேச்சுக்குத்தான் எல்லாரும் கட்டுப்பட்டார்கள். மாதம்மாளைக் கும்பிட்டார். "ஹத்தியொளகே பீஜ இதே தாயி" என்றார்.

மாதம்மாளுக்குக் கன்னடம் தெரியும். தெரியாதவள் போல எடுத்துக்கொண்டே இருந்தாள்.

பெரியவர் சென்னப்பனைப் பார்த்தார். சென்னப்பன் அவள் எதிரில் வந்து நின்றான். "மாதம்மா, பஞ்சுக்குள்ள வெதை இருக்குதுன்னு சொல்றாரு. அதையும் வுடக் கூடாதாம்" என்றான். பிறகு பிடுங்கிப் போட்ட பக்கம் கையைக் காட்டினான். "கொட்டிடும்மா."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மடி வயிற்றை முட்டிக்கொண்டு நிறைந்திருந்தது.

"நல்லா எடுத்து வெச்சிக்கோ, ஒண்ணு மிச்சம் வைக்காதேன்னு எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு. எடுக்கறப்ப எல்லாம் சொல்லுவாரு" என்றாள்.

"தெரியும். கொட்டிடு."

பிடுங்கிப் போட்ட செடிக் குவியலுக்குப் போய் முடிச்சை அவிழ்த்தாள். பஞ்சு சத்தமில்லாமல் விழுந்தது. சேலையில் ஒட்டியிருந்ததையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அதுவரைக்கும் அத்தனை பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

பச்சைச் செடி எளிதில் பற்றவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். பஞ்சு மட்டும் குப்பென்று எரிந்து அடங்கியது. செடி மத்தியானம்வரை புகைந்துகொண்டே இருந்தது. அவர்கள் போகும்போது பெரியவர் நாராயணப்பனிடமும் வந்து கும்பிட்டார். நாராயணப்பன் திருப்பிக் கும்பிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் பாஸ்கரன் வந்தான். தகடுகள் கருகிக் கிடந்தன. ஒரு தகட்டைக் காலால் புரட்டினான்.

"ஒரு செடிக்கு எத்தனை காய் இருந்ததும்மா?" என்று கேட்டான்.

"எண்ணல சார். நெறைய இருந்துது."

"ஓசூர்ல எல்லாரும் எங்கிட்டக் கேக்கறாங்க, இது நல்லதா கெட்டதான்னு. அதைத் தெரிஞ்சிக்கத்தாம்மா போட்டோம். இனி எதைன்னு சொல்றது?" சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்."

"ஆமா சார்" என்றாள் மாதம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. அதன்பின் அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

அவர்களுடைய சொந்தப் பருத்தியில் புழு நாளுக்கு நாள் பெருகியது. மருந்து அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கூடைகூடத் தேறாது என்றாகிவிட்டது. கூலிக்குக் கூப்பிட்டால், "எந்தக் கொல்லைக்கு வேணா வர்றோம்ண்ணா, தீர்த்தகிரி அடிச்ச அந்தக் கொல்லைக்கு மட்டும் கூப்புடாதீங்கோ" என்றார்கள். ஒரு காலையில் நாராயணப்பன் தானே டேங்க்கை இறக்கி, துடைத்து, வாரைச் சரிபண்ணினார். பூவம்மாள் வந்து டேங்க்கின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னக் கொன்னுட்டு எடுத்துக்கினு போ."

"பயிரு போவுதுடி."

"போவட்டும். இந்தூட்டுல இன்னொருத்தர் இதத் தூக்கக் கூடாது."

அவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது சென்னப்பன் வந்தான். அவன் முதுகில் அவனுடைய டேங்க் இருந்தது. வாயையும் மூக்கையும் துண்டால் கட்டியிருந்தான்.

"நான் அடிக்கறேண்ணா" என்றான்.

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தான்.

மருந்து அடிக்கிற ஆளைத் தனியாக விடக் கூடாது. நாராயணப்பன் எழுந்திருக்கவில்லை. கடைசியில் மாதம்மாள்தான் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் எடுத்துக்கொண்டு போய் வரப்பில் உட்கார்ந்தாள். கொளுத்திய அன்றைக்குப் பிறகு அவனோடு அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவன் ஒரு கையால் அடித்துக்கொண்டு, மறு கையால் நெம்புகோலை அழுத்திக்கொண்டு, சாலுக்குச் சால் போய்த் திரும்பினான். மருந்து வாடை வந்ததும் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எழுந்து போகவில்லை.

வெயில் ஏறியது. பாதிக் கொல்லை ஆகியிருக்கும். மருந்து சரியாக வராமல் சொட்டத் தொடங்கியது. சென்னப்பன் நின்றான். குழாயின் நுனியில் இருந்த முனையைக் கழற்றினான். முகத்துத் துண்டைக் கீழே இறக்கிவிட்டு, அடைப்பை ஊதி எடுக்க முனையை வாய்க்குக் கொண்டுபோனான்.

"வாயில வெக்காதண்ணா!"

மாதம்மாள் கத்திய கத்தலில் அவன் கையிலிருந்து அது நழுவி விழுந்தது. அவள் செடிகளை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கீழே தேடி எடுத்தாள். ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, முனையின் ஓட்டையில் விட்டுக் குடைந்தாள். ஒரு கசடு வெளியே வந்தது. மண்ணில் தட்டினாள். பிறகு அதை அவனிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் சொத்தைக் காய்கள். அடித்த சாலில் புழு நெளிந்து நெளிந்து விழுந்துகொண்டிருந்தது. அடிக்காத சாலில் தின்றுகொண்டிருந்தது.

"எறக்குங்க" என்றாள்.

"இன்னும் பாதி இருக்குதே."

"இருக்கட்டும். புழுவே தின்னுட்டுப் போவட்டும். எறக்குங்கண்ணா."

அவன் அசையாமல் நின்றான். அவளே அவன் தோளிலிருந்து வாரைத் தள்ளிவிட்டாள். டேங்க் சரிந்து இறங்கியது. சட்டை முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது.

"கழட்டுங்க."

சட்டையைக் கழற்றினான். கிணற்றடியில் அவனைக் குந்தவைத்துக் குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். சென்னப்பன் சோப்புப் போட்டுக்கொண்டான். முகத்தில் நுரை இருந்ததால் அவன் அழுகிறானா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கிற்று.

"எனக்கு வேற என்னா செய்யறதுன்னு தெரியல மாதம்மா. அன்னிக்கும் தெரியல, இன்னிக்கும் தெரியல."

"எனக்கும் தெரியலண்ணா."

குடம் காலியானது. அவள் கிணற்றுக்குள் வாளியை விட்டு இன்னொரு குடம் சேந்தினாள்.

"இன்னொரு தடவ சோப்பு போடுங்க" என்றாள். "முதுகுக்கு கை எட்டலன்னா சொல்லுங்க. அக்காவக் கூப்புடறேன்."